கணப்பும் இரும்படுப்பும்: அமெரிக்க உரைநடையாசிரியர் மூவர்

1. தோற்றுவாய்

மேலைநாட்டு இலக்கியம் பயிலும் தமிழ் மாணவர்க்குப் பொருள் விளங்கியும் உணர்வு விளங்காத சொற்கள் சில உண்டு. வீட்டின் சுவரில் அமைந்து, மேலே புகைபோக்கி உயர்ந்து நிற்க, உள்ளே விறகெரியும் இடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அவற்றுள் ஒன்று. அகராதியைப் புரட்டினால் அடுப்பு என்றும் கணப்பு என்றும் பொருள் கிடைக்கும். ஆயினும் அச்சொல்லைக் கேட்ட அளவில் குளிர்நாட்டார் உள்ளத்தில் எழும் உணர்ச்சி நம் உள்ளத்தில் எழுவதில்லை. அவர்க்கு அச்சொல் வீட்டையே குறிக்கும், குடும்பத்தைக் குறிக்கும், போர்க்களம் செல்லும் வீரன் எதனைக் காக்கச் செல்கின்றானோ அதனையும் குறிக்கும்.

நம் மொழியில் இரு சொற்கள் இரு வேறு வேலைகளைச் செய்கின்றன. அடுப்பு சமைத்தற்கு உரியது. கணப்பு குளிர் காய்தற்கு உரியது. பழந்தமிழரும் குளிர் காய்ந்தனர். நெடுநல்வாடை காட்டும் கூதிர்க்காலத்து நகரில் மக்கள் குளிர்ந்த நீரை வெறுத்து, தடவு என்னும் அகன்ற வாயையுடைய கலத்தில் இட்ட நெருப்பை விரும்பி நிற்கின்றனர். ஆயினும் அத்தடவு ஒரு கலமே, வீட்டின் உறுப்பன்று. கூதிர் கழிந்தால் அதன் பணியும் கழியும். அமெரிக்க நாட்டின் வடகிழக்கே நியூ இங்கிலாந்து எனப்படும் பகுதியின் பழைய மனைகளிலோ ஒரே தீ உணவைச் சமைத்தது. உடலுக்கு வெம்மை தந்தது. இரவில் ஒளியும் தந்தது. அதனைச் சுற்றியே வீடு எழும்பிற்று.

அத்தீ 19 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரும்படுப்பினுள் புகுந்து கண்ணுக்கு மறைந்தது. அது மறைந்துகொண்டிருந்த காலத்திலேயே, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாழ்ந்த ஆசிரியர் மூவர் அதனைப் பொருளாக்கி எழுதினர். நத்தேனியல் ஹாதார்ன் 1843 இல் 'தீ வழிபாடு' என்னும் கட்டுரையை வெளியிட்டார். ஹென்றி டேவிட் தோரோ 1854 இல் வெளிவந்த 'வால்டன்' என்னும் தம் நூலில் ஓர் இயலைக் கணப்பிற்கென ஒதுக்கினார். ஹெர்மன் மெல்வில் 1856 இல் 'யானும் என் புகைபோக்கியும்' என்னும் கதையை வெளியிட்டார். பதின்மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு மாநிலத்தில் ஒரே பொருள் பற்றி இம்மூன்று நூல்கள் எழுந்தமை தற்செயலாகாது.

எது இழக்கப்பட்டது என்னும் வினாவிற்கு மூவரும் தரும் விடை ஏறத்தாழ ஒன்றே. அவ்விழப்பைக் குறித்துப் புலம்பும் உரிமை எவர்க்கு உண்டு என்னும் வினாவை அவர்கள் எதிர்கொள்ளும் முறையோ வேறு வேறாகும். அவ்வேறுபாடே இம்மூன்றன் இலக்கியத் தகுதியையும் அளந்து காட்டுகின்றது என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. கணப்பு மாறிய வரலாறு

கணப்பின் குறையை முதலிற் கூறுதல் முறையாகும். திறந்த கணப்பில் எரியும் விறகின் வெம்மையிற் பெரும்பகுதி புகைபோக்கியின் வழியே வானுக்குச் செல்கின்றது. எரியும் தீ அறையின் காற்றையும் உடன் ஈர்த்து மேலே அனுப்புகின்றது. அவ்விடத்தை நிரப்பக் கதவிடுக்கு, சன்னலிடுக்கு ஆகியவற்றின் வழியே குளிர்காற்று உள்ளே புகுகின்றது. ஆதலின் தீயின் எதிரே அமர்ந்தவர்க்கு முகம் வெந்து முதுகு குளிரும்.

இக்குறையைப் போக்க முயன்றோருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். பெஞ்சமின் பிராங்கிளின் 1742 இல் இரும்புத் தகடுகளால் ஒரு கணப்பை அமைத்தார். அதனை விளக்கி 1744 இல் ஒரு சிறு நூலும் எழுதினார். அதற்குத் தமக்கு அளிக்க முன்வந்த தனியுரிமையை அவர் மறுத்துவிட்டார். மற்றவர் மாசசூசெட்ஸில் பிறந்து ஐரோப்பாவிற் புகழ்பெற்ற ரம்போர்டு பிரபு. கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்வாக அமைத்து, புகைபோக்கியின் தொண்டையைக் குறுக்கினால் புகை தடையின்றி மேலேறும். வெம்மையும் அறைக்குள் மிகுதியாக வீசும் என்று 1796 இல் வெளிவந்த கட்டுரையில் அவர் விளக்கினார்.

இம்மாற்றம் இலக்கியத்துள் எத்துணை விரைவில் புகுந்தது என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சான்று காட்டலாம். ஜேன் ஆஸ்டின் இயற்றி, அவர் மறைந்த 1817 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'நார்தேங்கர் ஆபி' என்னும் புதினத்தில், பழைய மடத்து மாளிகைக்கு விருந்தினளாகச் செல்லும் காதரின் என்னும் இளநங்கை, அங்கே பண்டைக் காலத்துப் பெருங்கணப்பைக் காண்போம் என்று எதிர்பார்க்கின்றாள். அவள் காண்பதோ ரம்போர்டு முறையிற் குறுக்கப்பட்ட கணப்பு. அதன்மேல் அழகிய பீங்கான் பொருள்கள் அணிசெய்கின்றன. அச்சக்கதைகளைப் படித்து வளர்ந்த அவளுடைய கற்பனை அங்கே ஏமாற்றம் அடைகின்றது. கணப்பு குறுகக் குறுக அதனைப் பற்றிய கற்பனை பெருகும் என்னும் உண்மையை ஆஸ்டின் நகைச்சுவையோடு முன்னரே கண்டுகொண்டார் எனலாம்.

ரம்போர்டு கணப்பைத் திருத்தினார், அதனை ஒழிக்கவில்லை. முற்றும் மூடிய வார்ப்பிரும்பு அடுப்பே அதனை ஒழித்தது. அவ்வடுப்பு குறைந்த விறகில் மிகுந்த வெம்மை தந்தது. ஆனால் தீயைக் கண்ணுக்குக் காட்டவில்லை. 1843 இல் எழுதும் ஹாதார்ன் இம்மாற்றம் ஏறக்குறைய எங்கும் நிகழ்ந்து முடிந்துவிட்டது என்றே கூறுகின்றார். இனி அவர் கட்டுரையை நோக்குவோம்.

3. ஹாதார்ன்: குற்றவுணர்வின் புலம்பல்

1842 ஆம் ஆண்டு சோபியாவை மணந்த ஹாதார்ன், காங்கார்டு என்னும் ஊரில் 'பழைய குருமனை' என வழங்கிய வீட்டில் வாடகைக்குக் குடியேறினார். மூன்றாண்டுகள் அவ்வீட்டில் வாழ்ந்தார். 'தீ வழிபாடு' அங்கே எழுதப்பட்டது. 1846 இல் வெளிவந்த அவர்தம் தொகுப்பு நூலிலும் அது இடம்பெற்றது.

கட்டுரையின் கருத்து இது: பெருந்தீமையும் செய்ய வல்ல தீ, கணப்பிலே அடங்கி மனிதனுக்குத் தோழனாய் விளங்கிற்று, இன்று அதனை இரும்புச் சிறையில் அடைத்துவிட்டோம், ஆகவே குடும்பத்தார் ஒருவரை ஒருவர் அச்செவ்வொளியிற் காணும் பேற்றை இழந்தனர். பிள்ளைகளை ஒரு நடுவிடத்திற்கு ஈர்ப்பது இனி ஒன்றுமில்லை என்றும், இல்வாழ்க்கை தனித்தனி மூலைகளை நாடிப் பிரியும் என்றும் அவர் அஞ்சுகின்றார். முன்னோர் தம் கணப்பிற்காகப் போரிட்டனர்; இரும்படுப்பிற்காகப் போரிட எவன் முன்வருவான் என்று எள்ளி நகைக்கவும் செய்கின்றார்.

இக்கருத்து ஆழமுடையது. இலத்தீன் மொழியிற் கணப்பைக் குறித்த சொல்லையே 1604 இல் கெப்ளர் ஒளியியலில் கதிர்கள் குவியும் புள்ளிக்குப் பெயராக்கினார். குவிமையம் என்று நாம் இன்று மொழிபெயர்க்கும் அச்சொல்லின் வேர் வீட்டுத் தீயே. ஹாதார்ன் அஞ்சியது இக்குவிதல் அழிவதையே. வெம்மையை மட்டும் கருதினால் இரும்படுப்பிற் குறை காண்டல் இயலாது என்பதை அவரும் அறிவார்.

ஆயினும் கட்டுரையின் இருவேறு இடங்கள் நம்மை நின்று எண்ணச் செய்கின்றன. அவ்வீட்டில் முன்னர் வாழ்ந்த சமயகுரு கணப்பின் இன்பத்தை நன்கறிந்தவர் என்று கூறும் ஹாதார்ன், அவர்க்குப் பணியேற்பு உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் உரிய விறகு 60 கார்டு என்கின்றார். ஒரு கார்டு 128 கன அடி. ஆகவே 60 கார்டு 7,680 கன அடியாகும். ஆண்டிற்கு ஒரு காடு சாம்பலாயிற்று எனினும் பொருந்தும். அக்காட்டை வெட்டியவர் எவர்? பிளந்தவர் எவர்? பனியில் நடந்து அறைதோறும் சுமந்தவர் எவர்? விடியலில் எழுந்து சாம்பலை அள்ளியவர் எவர்? கட்டுரை இவ்வினாக்களை எழுப்பவில்லை. தீயின் முன்னே அமர்ந்திருந்தவர் முகம் அதில் ஒளிர்கின்றது. தீயை மூட்டியவர் முகம் இருளிற் கிடக்கின்றது.

மற்றோர் இடத்தில், தம் வீட்டின் சமையலறையிலும் கூடத்திலும் படுக்கையறையிலும் இரும்படுப்பை அமைத்தவர் தாமே என்று வெட்கத்தோடு அவர் ஒப்புக்கொள்கின்றார். இவ்வொப்புதலே கட்டுரையின் உயிர். அதுவே அதன் வரம்பும் ஆகும். தாம் ஏன் மாற்றினார் என்பதை அவர் ஆராய்ந்திருப்பாராயின், கட்டுரை புலம்பலைக் கடந்திருக்கும். வெட்கத்தோடு நின்றுவிட்டமையால் அது அழகிய ஒரு புலம்பலாகவே அமைந்துவிட்டது.

4. தோரோ: கணக்கெழுதியவன் துயர்

ஹாதார்ன் மணமக்களாய்க் குடியேறியபோது அவர்தம் மனையில் காய்கறித் தோட்டம் அமைத்துக் கொடுத்தவர் அவ்வூரினரான தோரோ. அவர் 1845 சூலை 4 ஆம் நாள் வால்டன் ஏரிக்கரையில் தாமே கட்டிய குடிலிற் குடிபுகுந்தார். 1847 செப்டம்பர் வரை அங்கே வாழ்ந்தார். குடில் கட்டிய செலவை அரைச் சென்ட் வரையிற் கணக்கெழுதிக் காட்டியவர் அவர். மொத்தம் 28 டாலர் 12½ சென்ட். அதில் பழைய செங்கல் ஆயிரத்திற்கு 4 டாலர்.

அச்செங்கற்களைக் கொண்டு அவர் புகைபோக்கியைத் தம் கையாலேயே கட்டினார். ஏரிக்கரையின் கற்களும் வெண்மணலும் அதற்குப் பயன்பட்டன. அவசரமின்றிக் கட்டினார், இரவில் கட்டிட வேலைக்குரிய செங்கலையே தலைக்கு வைத்து உறங்கினார். அவரைக்கொல்லையில் தோண்டியெடுத்த அடிக்கட்டைகளைப் பிளந்தார். அவை பிளக்கும்போது ஒருமுறையும் எரியும்போது ஒருமுறையும் ஆக இருமுறை தம்மைச் சூடேற்றின என்கின்றார். ஹாதார்ன் கட்டுரையில் மறைந்து கிடந்த உழைப்பு இங்கே வெளிப்பட்டுவிட்டது. விறகு சுமந்தவனும் தீக்காய்ந்தவனும் ஒருவனே.

இரண்டாம் குளிர்காலத்தில் தோரோவும் ஒரு சிறு சமையலடுப்பிற்கு மாறினார். காரணத்தை ஒளிக்கவில்லை. காடு தமக்குச் சொந்தமன்று; ஆதலின் விறகில் சிக்கனம் வேண்டியதாயிற்று. இதில் வெட்கமில்லை; கணக்கு உண்டு. கணக்கை எழுதிய பின்னரே அவர் துயரையும் எழுதுகின்றார். அவ்வடுப்பு இடத்தை அடைத்தது; வீட்டில் நாற்றத்தைப் பரப்பியது; எல்லாவற்றினும் மேலாகத் தீயை மறைத்தது. ஒரு தோழனை இழந்தாற்போல் உணர்ந்தேன் என்னும் கருத்துப்பட அவர் கூறுகின்றார். சமையல் கவிதைத் தன்மையை இழந்து வேதியியற் செயலாய்விட்டது என்றும் குறிக்கின்றார்.

ஹாதார்ன் பல பக்கங்களிற் கூறியதைத் தோரோ சில தொடர்களிற் கூறிவிடுகின்றார். அத்தொடர்கள் நம்மைத் தாக்குவதற்குக் காரணம் சொற்சுருக்கம் மட்டுமன்று. இழந்ததன் விலையை அறிந்த ஒருவன் அதனைச் சொல்கின்றான் என்னும் உறுதியும் ஆகும். எனினும் இங்கும் ஓர் எல்லை உண்டு. தோரோவின் குடிலில் அவர் ஒருவரே குடியிருந்தார். கணப்பைச் சுற்றிக் கூடுவதற்கு அங்கே குடும்பம் இல்லை. அவரோடு மாறுபட்டு, இரும்படுப்பே நன்று என்று சொல்லவும் எவரும் இல்லை. தனிமனிதன் வீட்டில் கணப்பு பற்றிய வழக்கு எழாது.

வரலாறு அக்குடிலுக்கு ஒரு பொருத்தமான முடிவைத் தந்தது. குடில் அழிந்து அதன் இருப்பிடமும் ஐயத்திற்கு உள்ளாகியிருந்த காலத்தில், 1945 இல் ரோலண்டு ராபின்ஸ் என்பவர் அங்கே அகழ்ந்து பார்த்தார். குடில் நின்ற இடத்தைக் காட்டிக் கொடுத்தது அவர் கண்ட புகைபோக்கியின் அடித்தளமே.

5. மெல்வில்: மனைவியின் வழக்கு

மெல்வில் 1850 இல் பிட்ஸ்பீல்டு ஊரின் அருகே ஏரோஹெட் என்னும் பண்ணைமனையை வாங்கினார். அவ்வாண்டிலேயே ஹாதார்னோடு நட்புக் கொண்டார். மறு ஆண்டு வெளிவந்த 'மோபி டிக்' என்னும் பெருநூலை அவருக்கே உரிமையாக்கினார். ஏரோஹெட் மனையின் நடுவே ஒரு பெரும் புகைபோக்கி நின்றது. அதுவே கதைக்குக் கருவாயிற்று.

கதை சொல்பவர் முதியவர்; புகைக்குழாயும் கணப்புமாக அமர்ந்திருப்பதிலேயே இன்பம் காண்பவர். அவர்தம் புகைபோக்கி நிலவறையில் 12 அடிச் சதுரம் உடையது. வீட்டின் நடுவிடம் முழுவதையும் அது பிடித்துக்கொண்டது. அறைகள் அதனைச் சுற்றி ஓட வேண்டியிருப்பதால் ஓர் அறையின் வழியாகவே மற்றோர் அறைக்குச் செல்ல நேர்கின்றது. உணவறைக்கு மட்டும் ஒன்பது கதவுகள். வருவோர் வழி தெரியாது திகைக்கின்றனர். மனைவியோ முதுமையிலும் புதுமையை விழையும் சுறுசுறுப்புடையவள். புகைபோக்கியைக் குடைந்து ஒரு பெருங்கூடம் அமைக்க வேண்டும் என்கின்றாள். பின்னர் அதனை முற்றும் இடித்துவிட வேண்டும் என்கின்றாள். கட்டடத் தலைவர் ஒருவர் வருகின்றார், அளக்கின்றார், உள்ளே ஒரு மறைவறை இருத்தல் கூடும் என்று ஐயத்தைக் கிளப்புகின்றார். முதியவர் 50 டாலர் கொடுத்து அப்படி ஒன்றும் இல்லை என்று அவரிடமே சான்றிதழ் வாங்குகின்றார். முடிவில், வீட்டை விட்டு அகன்றால் புகைபோக்கி இடிபடும் என்று அஞ்சி, ஏழாண்டுகளாய் வெளியே செல்லாது காவல் இருப்பதாகக் கூறுகின்றார்.

ஹாதார்ன் அஞ்சிய தனித்தனி மூலைகளை மெல்வில் கட்டடக் கலையாகவே காட்டிவிடுகின்றார். புதிய நகர வீடுகளில் கணப்புகள் எதிரெதிர்ப் புறச்சுவர்களில் அமைகின்றன. ஓர் உடன்பிறந்தான் வடசுவரிலும் மற்றவன் தென்சுவரிலும் குளிர் காய்கின்றான். இருவரும் முதுகோடு முதுகாய் அமர்கின்றனர். இது தகுமோ என்று முதியவர் வினவுகின்றார். கணப்பு அழியவில்லை, அது இடம் மாறியது. அவ்விடமாற்றமே மக்கள் முகத்தையும் மாற்றித் திருப்பிவிட்டது. கணப்பைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இதனினும் கூரிய நோக்கு ஒன்றை யான் கண்டதில்லை.

ஆயினும் மெல்விலின் சிறப்பு அவ்வளவில் நின்றுவிடவில்லை. அவர் மனைவியின் வழக்கையும் முழுமையாகக் கூறவிடுகின்றார். அவளைக் குறித்து முதியவர் நகையாடினும், அவள் கூறுவன நியாயமானவை என்பதைப் படிப்போர் உணரத் தவறுவதில்லை. வீட்டில் நடமாடுபவள் அவள்; அமர்ந்திருப்பவர் அவர். நடமாடுவோர்க்கு வழி வேண்டும். அமர்ந்திருப்போர்க்குத் தீ போதும். புகைபோக்கியோடு தம்மையும் சேர்த்தே கூறும் அவர் வழக்கு, அன்பா பிடிவாதமா என்று பிரித்தறிய இயலாதபடி மெல்வில் கதையை அமைத்துள்ளார். ஏழாண்டுக் காவல் என்னும் முடிவு வெற்றியா சிறையா? தீயை இரும்புச் சிறையில் அடைத்தோம் என்று ஹாதார்ன் வருந்தினார். இங்கோ தீயைக் காக்கப் புகுந்தவரே சிறைப்பட்டார். இவ்விரு பொருளும் ஒருங்கே நிற்கச் செய்ததே மெல்விலின் கலைத்திறம்.

6. உழைப்பு என்னும் அளவுகோல்

மூவர் நூல்களையும் ஒப்பிட உழைப்பை அளவுகோலாகக் கொண்டோம். இலக்கியத்தை இலக்கியமாகக் காணாது பொருளியலாற் காண்பது முறையோ எனச் சிலர் வினவலாம். விடை எளிது. கணப்பு தன்னியல்பில் இருமுகம் உடையது. ஒருமுகம் அமர்வோரை நோக்கியது. மற்றது மூட்டுவோரை நோக்கியது. ஒருமுகத்தை மட்டும் காட்டும் நூல் தன் பொருளையே அரைகுறையாகக் கண்ட நூலாகும். அஃது இலக்கியக் குறையே.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். இரும்படுப்பு பெண்டிரின் சுமையை இறக்கிற்று என்று எளிதிற் கூறிவிடலாகாது. வரலாற்றறிஞர் ரூத் சுவார்ட்ஸ் கோவன் 1983 இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்துள்ளார். அடுப்பு மிச்சப்படுத்தியது பெரும்பாலும் விறகு வெட்டும் ஆடவர் உழைப்பையே. பெண்டிர்க்கோ ஒரே வேளையிற் பல கறிகளைச் சமைக்கும் புதிய கடமையும், இரும்பைத் துலக்கும் வேலையும் வந்து சேர்ந்தன என்பது அவர் முடிபு. ஆகவே பழமையும் துன்பம் உடையது. புதுமையும் துன்பம் உடையது. இரண்டையும் அறிந்து எழுதுவோனே நேர்மையுடைய ஆசிரியன்.

பழந்தமிழ்ப் புலவர் இவ்வகையில் நமக்கு நல்லாசிரியர் ஆவர். குறுந்தொகையின் 167 ஆம் பாட்டில் கூடலூர் கிழார், புதுமண வாழ்க்கையைக் கண்டுவந்த செவிலி நற்றாய்க்கு உரைப்பதாக ஒரு காட்சி தருகின்றார். தலைவி தானே புளிங்குழம்பு சமைக்கின்றாள். தாளிதப் புகை அவள் கண்ணில் நிறைகின்றது. கணவன் இனிது என்று உண்கின்றான். அவள் முகம் நுட்பமாக மகிழ்கின்றது. இன்பமும் புகையும் ஒரே பாட்டில், ஒன்றை ஒன்று மறைக்காமல் நிற்கின்றன. புகையை நீக்கிவிட்டு மகிழ்ச்சியை மட்டும் பாடியிருப்பின் அது வெறும் புகழுரையாகும். மகிழ்ச்சியை நீக்கிப் புகையை மட்டும் பாடியிருப்பின் அது வழக்குரையாகும். வறுமையிற் சமையலை மறந்து காளான் பூத்த அடுப்பைப் புறநானூற்றின் 164 ஆம் பாட்டிற் காட்டிய பெருந்தலைச் சாத்தனாரும், அடுப்பைப் பற்றி வியவாது, அடுப்பின் எதிரே பசித்திருக்கும் மனைவியையும் மகவையும் கண்டே பாடினார்.

இங்கு என் அனுபவம் ஒன்றைக் கூறுதல் பிழையாகாது என நினைக்கின்றேன். சிற்றூரில் யான் வளர்ந்த வீட்டில் விறகடுப்பே இருந்தது. மார்கழி விடியலில் அதன் முன்னே குந்தியிருந்து கை காய்ந்தது எனக்கு இன்றும் இனிய நினைவு. பல்லாண்டு கழித்து அந்நினைவை அன்னையாரிடம் பெருமையோடு கூறினேன். ஈர விறகு பற்றாத நாள்களில் ஊதுகுழலை ஊதி ஊதித் தமக்குக் கண் எரிந்ததே தமக்கு நினைவில் உள்ளது என்று அவர் விடையிறுத்தார். இருவர் நினைவும் உண்மையே. ஆயினும் என் நினைவை மட்டும் எழுதி அதனை இலக்கியம் எனக் கொடுப்பேனாயின், அதனில் என் அன்னையார்க்கு இடமில்லை. அன்று முதல் ஹாதார்னின் கட்டுரையை முன்போல் என்னாற் படிக்க இயலவில்லை. மெல்விலின் முதியவர் மனைவியையும் முன்போல் நகைத்து ஒதுக்க இயலவில்லை.

7. இக்கால வீட்டிற் கணப்பு

வெம்மை தரும் பணி கணப்பை விட்டு நீங்கிய பின்னரும் கணப்பு வீட்டை விட்டு நீங்கவில்லை. வெந்நீரும் நீராவியும் குழாய் வழியே அறைதோறும் சென்ற 20 ஆம் நூற்றாண்டிலும் கட்டடக் கலைஞர் கணப்பைக் கைவிடத் துணியவில்லை. பிராங்கு லாயிடு ரைட் அமைத்து 1910 இல் நிறைவுற்ற சிகாகோ நகரத்து ரோபி இல்லத்தில், வாழ்கூடத்திற்கும் உணவுக்கூடத்திற்கும் நடுவே கணப்பும் புகைபோக்கியுமே பிரிசுவராய் நிற்கின்றன. மெல்விலின் முதியவர் கண்டால் மகிழ்வர். பிலிப் ஜான்சன் 1949 இல் தமக்கெனக் கட்டிய கண்ணாடி இல்லத்தில் சுவரெல்லாம் கண்ணாடி. அதனுள்ளும் கூரையைத் துளைத்து எழும் செங்கல் உருளை ஒன்று கணப்பைத் தாங்கி நிற்கின்றது. பயன் போயினும் நடுவிடம் வேண்டும் என்னும் விழைவு போகவில்லை.

குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் 1933 மார்ச்சுத் திங்களில் வானொலி வழியே மக்களோடு பேசத் தொடங்கிய உரைகள் கணப்போர உரைகள் என்றே பெயர் பெற்றன. அவ்வுரைகளைக் கேட்க மக்கள் கூடியது வானொலிப் பெட்டியைச் சுற்றி. 1966 டிசம்பர் 24 ஆம் நாள் நியூயார்க்கு நகரத்துத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று, கணப்பில்லாத அடுக்ககங்களில் வாழ்வோர்க்காக, எரியும் கணப்பின் படத்தையே இசையோடு மூன்று மணி நேரம் ஒளிபரப்பியது. நகரத் தலைவரின் மாளிகைக் கணப்பை எடுத்த அப்படம் 17 நொடி ஓடுவது; அதுவே மீண்டும் மீண்டும் சுழன்றது. வெம்மையும் இல்லை, புகையும் இல்லை, விறகு சுமப்போரும் இல்லை. கணப்பின் இருமுகங்களுள் அமர்வோரை நோக்கிய முகம் மட்டும் தனியே எஞ்சியது. ஹாதார்ன் உரைநடையிற் செய்ததைத் தொலைக்காட்சி ஒளியிற் செய்து முடித்தது எனலாம்.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். கணப்பின் மறைவால் இழக்கப்பட்டது வெம்மையன்று. ஒரு வீட்டார் அனைவரும் முகம் திருப்பி நோக்கும் நடுவிடம். இதனை மூவரும் கண்டனர். ஹாதார்ன் அதனை முதலிற் கண்டு அழகுறக் கூறினார். ஆயின் தாம் கொடுத்த விலையையும் பிறர் கொடுத்த விலையையும் ஆராயாது விட்டார். தோரோ தம் விலையைக் கணக்கிட்டுக் கூறினார். ஆயின் அவர் வீட்டிற் பிறர் இல்லை. மெல்வில் ஒருவரே கணப்பை விரும்புவோனையும் வெறுப்போளையும் ஒரு கூரையின்கீழ் வைத்து வழக்காட விட்டார். ஆதலின் மூன்றனுள் மெல்விலின் கதையே தலைசிறந்தது என்று துணியலாம்.

மொழிபெயர்ப்போர்க்கும் இதனால் ஒரு பயன் உண்டு. அமர்வோர் நோக்கிற் கூறப்படும் இடத்துக் கணப்பு என்றும், மூட்டுவோர் நோக்கிற் கூறப்படும் இடத்து அடுப்பு என்றும் தமிழ்ப்படுத்தினால், ஆங்கிலச் சொல் ஒன்றனுள் மறைந்து கிடக்கும் இருமையை நம் மொழி வெளிப்படுத்திக் காட்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லே ஆகிய குறை, தமிழில் இரு சொல் உடைமையால் நிறைவாகும்.

மெல்வில் 1863 இல் ஏரோஹெட் மனையை விட்டுச் சென்றார். அதனைப் பெற்ற அவர் தம்பி ஆலன், கதையின் தொடர்கள் சிலவற்றை அப்புகைபோக்கிக் கணப்பின் மேலேயே எழுதுவித்தார். அம்மனை இன்று காட்சியகமாக விளங்குகின்றது. காண வருவோர் கணப்பின் முன் நின்று, குளிர் காய்வதற்கு மாறாக, எழுத்தைப் படித்துச் செல்கின்றனர். அவ்வெழுத்தில் முதியவரின் குரல் இருக்கின்றது. அவர் மனைவியின் குரலைக் கேட்க விரும்புவோர் கதையைத் திறந்து முழுமையும் படித்தல் வேண்டும்.